பகிடிக்காரன் போன பிறகு வருகிற மூன்று மேடைகள்

கேள்வி கேட்ட தம்பி மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஓர் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறார். அந்தக் குழுவில் அறிவிப்புச் செய்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பகிடி விட்டு, சனத்தைக் கலையாமல் வைத்திருந்த கூட்டாளி தை மாதம் காலமாகிவிட்டார். சித்திரையில் விளையாட்டு மைதானத்தில் புத்தாண்டு இரவு, ஆனியில் கல்முனையில் ஒரு கல்யாணம், ஆடியில் கோயில் திருவிழா என்று மூன்று நிகழ்ச்சிகளுக்கு ஏற்கனவே ஒப்புக்கொண்டாயிற்று. மூன்று மேடையிலும் ஒரு நிமிட மௌனம் வைப்பதா, படம் வைத்து மாலை போடுவதா, அவருடைய பகிடிகளை இன்னொருவர் சொல்வதா, இல்லை இந்த வருடம் எதுவுமே வேண்டாம் என்று விட்டுவிடுவதா என்று குழுவுக்குள் இழுபறி. இதுதான் அவர் கேட்டது.

தம்பி, நிகழ்ச்சிகளை விட வேண்டாம். ஒரு வருடம் மேடை ஏறாத குழு மறுவருடம் குழுவாக இருப்பது அபூர்வம். ஒருவர் கட்டார் போய்விடுவார், ஒருவர் வேறு குழுவில் சேர்ந்துவிடுவார், சாமான்கள் யாரோ ஒருவர் வீட்டு அறையில் தூசு பிடித்துக் கிடக்கும். மற்றக் கேள்விக்கு என் பதில் இது: அடுத்தவர் பந்தலில் உங்கள் துக்கத்தை வைக்காதீர்கள். அவருக்கென்று ஓர் இரவைத் தனியாக எடுங்கள். மூன்று மேடையிலும் அவர் செய்துவந்த வேலையை ஒருவர் ஒழுங்காகச் செய்யட்டும். அவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அந்த வேலைதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் மத்தளம் பழகியது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கூத்துக் களரியில். தபேலாவும் இசைக்குழுவும் அப்புறம் வந்தவை. எங்கள் பக்கத்தில் பெரும்போக அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் கூத்துப் பழகத் தொடங்குவார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது ஆளுக்கு உரிய பாட்டுப் பகுதியைக் கொடுப்பார், மாதக் கணக்கில் ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, கடைசியில் அரங்கேற்றம். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் பாய் போட்டு இருக்கும். அண்ணாவியாரும் மத்தளக்காரரும் சல்லரி என்ற கைத்தாளம் போடுகிறவரும் களரிக்கு உள்ளேயே நிற்பார்கள். ராசா வேடக்காரர் கூடு போல விரிந்த கரப்புடுப்பும் முடியும் கட்டி வெளிக்கிட்டு வர நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் களரி வெறிச்சோடினால் சனம் எழும்பி வீட்டுக்குப் போய்விடும். கட்டியகாரன் முன்னால் வந்து ராசாவின் வரவைச் சொல்வதும், இடையில் ஒருவர் பகிடி விட்டுச் சனத்தைப் பிடித்து வைப்பதும் இந்தத் தேவையிலிருந்து வந்த வேலைகள்தான். மகிடிக் கூத்தில் இன்னும் ஒரு படி மேலே. மந்திரவாதிகளின் போட்டியைப் பார்க்கத்தான் சனம் கூடும், ஆனால் ஆளைக் கடைசிவரை நிற்க வைப்பது அதற்குள் இருக்கிற சிரிப்பு. பகிடிக்காரனை ஊர் ஒருநாளும் உபரியாக நினைத்ததில்லை. விடியும்வரை ஓடுகிற கூத்தின் பாரத்தில் ஒரு பங்கு அவன் தோளில் இருந்தது.

எனக்கும் அப்படி ஒரு கூட்டாளி இருந்தான். சல்லரி போடுகிறவன். அவன் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. அவன் வேலை செய்த விதத்தை ஓர் இரவை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். பங்குனியில் திடீரென்று ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. களரியில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் என் மத்தளம் செத்துப்போயிற்று. தோல் ஈரக்காற்றைக் குடித்தால் தொய்ந்துவிடும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் எழும்பாது. வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காட்ட வேண்டும். மெதுவாகத்தான் காட்டலாம், அவசரப்பட்டால் வெடித்துவிடும். நான் மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அண்ணாவியார் முகம் கறுத்துவிட்டது.

இவன் சல்லரியைக் கையில் பிடித்தபடி களரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். முன் பாயில் இருந்த ஒரு வயதான பெத்தாவிடம் குனிந்து, "என்ன பெத்தா, கண் சொருகுது? ராசா வாற நேரம் நித்திரை கொள்ளுறவங்களுக்கு வரி போட்டிருக்குகா, ஒரு கண்ணுக்கு ஒரு கொத்து நெல்லு" என்றான். பெத்தா விடவில்லை, "ரெண்டு கண்ணையும் மூடினா?" என்று கேட்டா. "ரெண்டையும் மூடினா வரி இல்ல, ராசாவே வந்து போர்த்திவிடுவார்" என்றான். பக்கத்தில் ஒரு பொடியன் வைத்திருந்த கச்சான் கடலைக் கடதாசிச் சரையை வாங்கி உயர்த்திக் காட்டி, இதுதான் அரண்மனைக் களஞ்சியம் என்று அறிவித்தான். பொடியன் அழப்போக, அவனையே களஞ்சியக் காவலனாக்கிச் சரையைத் திருப்பிக் கொடுத்தான். சனம் உருண்டு சிரித்தது.

அனல் காட்டிக்கொண்டு வெளியே நின்ற எனக்கு இன்னொன்று கேட்டது. அவன் பேசுகிற நேரம் முழுக்கச் சல்லரி ஓடிக்கொண்டே இருந்தது. நான் விட்டுப்போன அதே தாளம், அதே வேகம். பகிடியைச் சொல்லி முடிக்கிற இடம் தாளம் விழுகிற இடத்தில் வந்து நின்றது. மத்தளத்தோடு நான் திரும்பி வந்து கையை வைத்தபோது கூத்து ஓர் அட்சரம்கூட அறுபடவில்லை. பகிடி சொல்லப் பலர் இருப்பார்கள், தாளத்தை விடாமல் பகிடி சொல்லப் பழக்கம் வேண்டும். உங்கள் கூட்டாளியும் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் செய்திருப்பார். அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

குழுவாக உட்கார்ந்து, அவர் எந்த எந்த இடத்தில் வாய் திறந்தார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: நீங்கள் கீபோட்டில் அடுத்த பாட்டுக்குத் தொனி மாற்றும்போது, ஒக்டபேட் என்ற மின்தாளக் கருவி வாசிக்கிறவர் சத்தங்களை மாற்றும்போது, தபேலாவின் சுருதியைத் தட்டிச் சேர்க்கும்போது, பாடகி மேடைக்குப் பின்னால் இருந்து வந்து சேராதபோது, ஜெனரேட்டர் நின்றுபோனபோது. இவ்வளவு ஓட்டைகளை ஒருவர் தனியாக அடைத்திருக்கிறார். இனி அடைக்க வேண்டிய ஓட்டைகளைக் குறையுங்கள். கீபோட்டில் பாட்டுவாரியாகத் தொனிகளை வரிசைப்படுத்தி மெமரியில் போட்டு வைத்தால் ஒரு பொத்தானில் மாறிவிடும். பாட்டுப் பட்டியலைச் சுருதி பார்த்து அடுக்குங்கள். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் உள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் தபேலாக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் சுத்தியலைத் தூக்கத் தேவையில்லை. பெண்குரல் பாட்டுகளுக்கு வேறு சுருதியில் இரண்டாவது தபேலா ஒன்றைச் சேர்த்து வையுங்கள். இதெல்லாம் செய்தாலும் சில இடைவெளிகள் மிஞ்சும். அவற்றுக்குத்தான் ஆள் வேண்டும்.

ஆள் யார்? குழுவிலேயே வாயாடி என்று பெயரெடுத்தவரை உடனே பிடித்து நிறுத்தாதீர்கள். சனத்தின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவரைப் போடுங்கள், அவர் பேச்சுக் குறைந்தவராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் உங்கள் கூட்டாளியின் குரலை எடுத்துப் பேச வேண்டாம், அவருடைய பகிடிகளையும் அப்படியே சொல்ல வேண்டாம். காரணம் இருக்கிறது. பகிடி ஆளுக்கு ஆள் உள்ள உறவில் நிற்கிறது. உங்கள் தபேலாக்காரரின் வயிற்றைப் பற்றி அவர் பகிடி விட்டிருந்தால், அவர்கள் இருவரும் மச்சான் முறையாக இருந்திருப்பார்கள். எங்கள் ஊரில் மச்சானை மச்சான் எவ்வளவும் நக்கல் அடிக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். அதே வசனத்தைத் தம்பி முறையான ஒருவர் மைக்கில் சொன்னால் அது மரியாதைக்கேடு. அவர் பகிடியைப் பிறப்பித்த உறவு அவரோடு போய்விட்டது. புதியவர் தன் உறவுகளிலிருந்து தன் பகிடியை எடுக்கட்டும்.

இனி மேடைகளுக்கு வருகிறேன். சித்திரைப் புத்தாண்டு இரவு உங்கள் ஊர்ச் சனம் கூடுகிற இடம், அவரைத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள். அங்கே அவர் பெயரைச் சொல்லாமல் விடமுடியாது, விடவும் கூடாது. ஆனால் ஒரு நிமிட மௌனம் வேண்டாம். கச்சான் வியாபாரியும் ஓடித்திரிகிற பிள்ளைகளும் பலூனும் நிறைந்த மைதானத்தில் மௌனம் கிடைக்காது. கிடைக்காதபோது மேடையில் நிற்கிற உங்களுக்குச் சனத்தின்மேல் கோபம் வரும், அந்தக் கோபம் அவர் நினைவோடு ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்திலும் வேண்டாம். சனம் நன்றாகச் சூடேறின பிறகு, இரண்டாம் பகுதியின் முதல் பாட்டுக்கு முன்னால், அறிவிப்பாளர் இரண்டே வசனம் சொல்லட்டும்: இந்த மைக்கைப் பிடித்தவர் இவர், இந்தப் பாட்டை எப்போதும் அவர்தான் தொடக்கி வைப்பார். சொன்ன கையோடு பாட்டுக்குள் போய்விடுங்கள். சனம் தானாகக் கைதட்டும், அந்தக் கைதட்டலை நீட்டவிடுங்கள், கீபோட்டில் முதல் கோர்வையைப் பிடித்தபடி நில்லுங்கள்.

கல்யாண வீட்டில் ஒன்றும் வேண்டாம். படம் வேண்டாம், பெயர் வேண்டாம். அது இரண்டு குடும்பங்களின் மங்கல நாள், மாலை போட்ட படத்தை மணமக்கள் இருக்கும் மண்டபத்தில் எந்தத் தாயும் விரும்பமாட்டா. அன்றைக்கு அவரைப்போல் வேலை செய்தால் போதும். கடைசியில் பைலாவுக்குச் சனம் எழும்பும்போது மட்டும் தாராளமாக நேரம் விடுங்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாருமாகக் கப்ரிஞ்ஞா வாசித்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஆட்டத்தில் வயதும் பதவியும் காணாமல் போய்விடும். அந்த ஆட்டத்துக்குச் சனத்தை எழுப்பிவிடுகிற வேலையையும் உங்கள் கூட்டாளிதான் செய்திருப்பார்.

கோயில் மேடை வேறு. அங்கே முடிவு உங்களுடையது இல்லை, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கரிடமும் திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரரிடமும் போய்க் கேளுங்கள். ஆடியில் என்றால் 31ஆம் நாள் கடமைகள் எல்லாம் முடிந்து பல மாதம் ஆகியிருக்கும், மரணத் துடக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. அவர் அந்தக் கோயிலில் தொண்டு செய்தவராக இருந்தால், இந்த நிகழ்ச்சியை அவர் நினைவாகச் சன்னிதியில் ஒப்படைக்கிறோம் என்று ஒரு வரி சொல்ல அவர்கள் சம்மதிக்கக்கூடும். சம்மதிக்காவிட்டால் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாசியுங்கள். நேரத்தையும் முன்கூட்டியே பேசுங்கள். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. கோயில் திருவிழாவுக்கு விசேட அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால் பட்டியலைப் பின்னாலிருந்து முன்னாக அடுக்குங்கள், அவருக்கான பாட்டு கடைசியில் வெட்டுப்பட்டுப் போகக்கூடாது.

சரி, அவருக்கான இரவு. இதில்தான் உங்கள் மனம் முழுதாக இருக்க வேண்டும். ஆண்டுத் திவசம் தையில் வரும், அது வீட்டாரின் கடமை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தைவரை மழையை நம்பி முற்றத்தில் ஒன்றும் வைக்கமுடியாது. ஆவணியில் வையுங்கள், திருவிழாக்களுக்கு இடையில் ஒரு நாள் பார்த்து. பெரிய சவுண்ட் வேண்டாம். அவர் வீட்டு ஒழுங்கையிலோ பள்ளிக்கூட மண்டபத்திலோ இரண்டு பெட்டியும் ஒரு சின்ன மிக்சரும் போதும். நாள் குறிக்க முன்னர் அவருடைய அம்மாவிடம் போய்க் கேளுங்கள். அவ வேண்டாம் என்றால் அடுத்த வருடம் கேளுங்கள்.

அதிதிகளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி உரை நிகழ்த்த வைக்காதீர்கள். அவரோடு மேடை ஏறியவர்கள், அவரிடம் நக்கல் வாங்கியவர்கள், அவர் தேத்தண்ணி குடித்த கடைக்காரர் என்று நாலைந்து பேர், ஆளுக்கு ஒரு சம்பவம். சிரிப்புச் சம்பவங்களை முதலில் வையுங்கள். அழுகையை யாரும் திட்டமிடத் தேவையில்லை, அது தன் நேரத்துக்கு வரும். இடையிடையே வாசியுங்கள். மத்தளக்காரர் ஒருவரை அழைத்துக் கூத்திலிருந்து ஒரு வரவுப் பாட்டு, சம்மாந்துறை அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கூட்டாளிகள் இருந்தால் கோல் அடித்து ஆடுகிற ஒரு பொல்லடி. அவருக்கு எல்லா ஊரிலும் ஆள் இருந்திருக்கும், வருவார்கள்.

ஒரு கவியும் கட்டுங்கள். எங்கள் வயல்வெளிகளில் நாலு வரிக் கவிக்குப் பஞ்சமே இருந்ததில்லை, காதலுக்கும் நக்கலுக்கும் பிரிவுக்கும் அதே மெட்டுத்தான். என் கூட்டாளிக்கு நான் கட்டியது இது:

பந்தலிலே பாய் விரிச்சு – மச்சான்
பாதிச் சனம் வந்திருக்கு
முந்தி வந்து நீ பறைய – இந்த
முழுக் களரி காத்திருக்கு

பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை, ஆனால் களரியில் பாடினபோது அந்தச் சனத்துக்கு அவன் யார் என்று விளங்கியது. குழுவில் ஆளுக்கொன்று கட்டினால், பாடும்போது அடுத்தவர் வரியைப் பிடித்துக்கொண்டு தொடரலாம்.

பாடி ஒருவரை நினைப்பது எங்களுக்குப் புதிதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் தமிழிசை ஆராய்ச்சியை யாழ் நூலாக எழுதி 1947 ஜூனில் அரங்கேற்றினார், அடுத்த மாதமே காலமானார். கல்லடி உப்போடையில் அவர் சமாதி இருக்கிறது. அவரை நினைக்கிற நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் எழுதிய பாட்டைத்தான் பாடுகிறார்கள். தலைமுறைகள் தாண்டியும் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதற்கு மாலைகளைவிட அந்தப் பாட்டுக்குப் பங்கு அதிகம். உங்கள் கூட்டாளி அவ்வளவு பெரியவர் என்று ஒப்பிடவில்லை. ஆனால் வழி அதுதான்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். வருகிற மூன்று நிகழ்ச்சிகளிலும் அவருடைய பங்கை எடுத்து வீட்டில் கொடுங்கள். புதிதாக மைக் பிடிக்கிறவருக்கு முழுப்பங்கு கொடுத்த பிறகு, மற்ற எல்லாருடைய பங்கிலும் கொஞ்சம் குறைத்து அதைச் சேருங்கள். உதவி என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம், அவருடைய பங்கு என்று சொல்லிக் கொடுங்கள். அம்மா வாங்குகிற விதமே வேறாக இருக்கும். ஆண்டுத் திவசம்வரை இதைச் செய்கிற குழுக்களை எனக்குத் தெரியும், அந்தக் குழுக்களுக்குள் காசுச் சண்டை வந்ததும் குறைவு.

கடைசியாக அவருடைய பதிவுகள். நீங்கள் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள், ஃபோனில் இருக்கிற அவருடைய பேச்சை மேடையில் போடலாமா என்று. மூன்று நிகழ்ச்சியிலும் போடாதீர்கள். பெரிய ஸ்பீக்கரில் திடீரென்று அவர் குரல் கேட்டால் மேடையில் நிற்கிற உங்களுக்கே கை ஓடாது, வாசிக்க வேண்டிய பாட்டு நின்றுபோகும். ஆவணி இரவில் ஒன்று மட்டும் போடுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போட முன்னர் அம்மாவுக்கும் சகோதரங்களுக்கும் சொல்லிவையுங்கள். ஆனால் சேகரிக்கிற வேலையை இந்தக் கிழமையே தொடங்க வேண்டும். கல்யாண வீட்டு வீடியோக்காரர்கள் பழைய பதிவுகளை அழித்துத்தான் புதியதற்கு இடம் எடுக்கிறார்கள், ஃபோன் மாற்றுகிறவர்கள் பழையதை விற்றுவிடுகிறார்கள். கடந்த வருடங்களில் நீங்கள் வாசித்த வீடுகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். கிடைப்பதை வெட்டாமல், ஒட்டாமல், நாளும் ஊரும் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒரு பிரதி குழுவுக்கு. புதிதாக மைக் பிடிக்கிறவர் சித்திரைக்கு முன்னர் அவற்றை இருந்து கேட்கட்டும். பகிடியைக் கவனிக்க வேண்டாம், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திப் பாட்டுக்கு வழிவிட்டார் என்பதைக் கவனிக்கட்டும்.